அப்பாவின் கடிகாரத்தில் சேறு

அண்ணன் கடைக்குள் வந்ததும் வராததுமாக, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான்.

"இந்தா, உன் சொத்து. சித்தப்பா போன் போட்டுப் போட்டு என் காதைத் தின்னுட்டாரு. உனக்குத்தான் சேரணும்னு அப்பா சொல்லியிருந்தாராம்."

தங்கை பிரித்தாள். அப்பாவின் பாக்கெட் கடிகாரம், சங்கிலியோடு. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மங்கிப்போய்க் கிடந்த கூடு, இப்போது பளபளவென்று மின்னியது. யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்.

அப்பா போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அண்ணன்தான் போனில் சொன்னான். அவள் அடித்துப் பிடித்து ரயில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்திருந்தது. வெயில் காலம், வைத்திருக்க முடியவில்லை என்றான். அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்க விடாத ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் புத்தி தடுமாறிப்போன மனிதரை நாலு வருஷம் வைத்துப் பார்த்தவன் அவன். வருஷத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள் எந்த வாயால் சண்டை போடுவது?

அவளுடைய கடிகாரக் கடை, ஒருவர் தும்மினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அளவுக்குப் பெரியது. இருந்த ஒரே முக்காலியில் அண்ணனை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, விளக்கை இழுத்துக்கொண்டாள். கடிகாரத்தைக் கொடுத்த கையோடு கிளம்பப் பார்த்தவனை அவள்தான் விடவில்லை. பிரித்துப் பார்த்துவிடலாம், இரு என்றாள். எதற்கு இப்போது, ஞாபகத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளேன் என்று அவன் இரண்டு முறை சொன்னான்.

அப்பா இருந்தவரை அதைத் தொட விட்டதில்லை. "வாண்டு, ஊர்க் கடிகாரத்தையெல்லாம் பிரிச்சு மேய். இதுல மட்டும் கை வைக்காத" என்பார். தாத்தாவுக்கு ஒரு கப்பல் கேப்டன் கொடுத்தது, அசல் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

பயம் நியாயமானதுதான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்பக்கம் ஒரு நட்சத்திர முத்திரை. அதன்கீழ், மேல்பூச்சுத் தகடு இருபது வருஷம் தேயாது என்ற உத்தரவாதம். பித்தளைக்கு மேல் மெல்லிய தங்கத் தகடு. ஏதோ ஒரு தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளிய சரக்கு. செய்தவன் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனிடம் சொன்னாள். அவனும் சிரித்துவிட்டான். கேப்டன் கதையைச் சொல்லித்தான் அம்மாவையே கட்டியிருப்பார் என்றான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

உள்மூடியைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு போயிற்று. எண்ணெய் வழிந்து மேஜைவிரிப்பில் கொட்டியது.

ஓடவில்லையே என்று அண்ணியின் தையல் மெஷின் எண்ணெயைக் கொஞ்சம் விட்டேன் என்றான் அண்ணன். ஊசி முனையில் ஒட்டுகிற அளவுக்கு எண்ணெய் போதும் இதற்கு, நீ முக்கியே எடுத்திருக்கிறாய் என்று திட்டிக்கொண்டே அவள் துடைத்தாள். துடைத்த துணி பழுப்பாக மாறியது. ஹேர்ஸ்பிரிங் என்கிற மயிரிழைச் சுருள் முழுக்கத் துரு. பழைய துரு கறுத்து இறுகிக் கிடக்கும். இது செம்மஞ்சளாக விரலில் ஒட்டியது. புதுத் துரு.

"தண்ணில விழுந்துச்சா?"

பைப்படியில் கை தவறிவிட்டது என்றான்.

முட்களைக் கழற்றினாள். இரண்டு திருகுகளைத் தளர்த்தி டயலைத் தூக்கினாள். அடியில் சாம்பல் நிறத்தில் சேறு அப்பியிருந்தது. எண்ணெயில் ஊறிக் குழைந்த சேறு. அதற்குள் பச்சையாக ஏதோ ஓர் இழை. சாமணத்தால் மெல்ல இழுத்து வெள்ளைத் தாளின்மேல் வைத்தாள்.

பாசி.

அவள் லென்ஸைக் கழற்றவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைப்பில் பாசி வராது. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது.

"அப்பா போனப்ப இது எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். டீ கிளாஸைக் கீழே வைத்தான். அப்பா படுக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். புத்தி தடுமாறி, பெற்ற மகனின் பெயர் மறந்தபோதும் அது மட்டும் மறக்கவில்லை. தூறல் விழுந்தால் கடிகாரம் நனைந்துவிடும் என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர். அவராகத் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார்.

"கால்வாய்ல தவறி விழுந்தாரா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். தெரிந்த டாக்டர் ஒருவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்ததையும், ஆள் கூடுவதற்குள் அவசர அவசரமாக எடுத்ததையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் சாமணத்தைக் கீழே வைத்தாள். அதுவே அவனை இன்னும் பேசவைத்தது.

விடிகாலை. அண்ணி ஊரில் இல்லை. இரவு முழுக்க அப்பா நடந்துகொண்டே இருந்திருக்கிறார். சட்டை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று புலம்பியிருக்கிறார். கேட் திறக்கிற சத்தம் அண்ணனுக்குக் கேட்டது. போனால் போகட்டும், தெருமுனைவரை போய்விட்டு வருவார் என்று புரண்டு படுத்தான்.

"அப்புறம் கூப்பிட்டாரு" என்றான்.

"கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சு. வாண்டு, வாண்டுன்னு கூப்பிட்டாரு."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவன் நிறுத்தினான்.

"குளிப்பாட்டுறது நான், ஊட்டி விடுறது நான், பீத்துணி அலசுறது நான். கூப்பிடுறது மட்டும் உன்ன. நாலு வருஷமா தினம் உன்னத்தான். அன்னைக்கும் உன்னத்தான். அவளே வந்து தூக்கட்டும்னு படுத்திருந்தேன்."

"எப்ப எழுந்த?"

"சத்தம் நின்னப்புறம்."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கூப்பிட்டது தன்னை. அந்த விடிகாலையில் இந்த ஊரில், இதே கடைக்கு மேலுள்ள அறையில் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா. மகளின் பிரசவத்துக்குப் போனவர், அன்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தார். வந்தவுடன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன், மனசே ஆறல. இவரு யாரு?"

அவள் லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றினாள்.

"அண்ணன்" என்றாள்.

அக்கா அவன் பக்கம் திரும்பினார். பெற்றவரைக் கடைசிவரை வைத்துப் பார்த்த பிள்ளை, அந்தப் புண்ணியம் சும்மா போகாது என்றார். அண்ணன் முக்காலியில் சுருங்கிக்கொண்டான். அவனுடைய கண்கள் தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?"

வெள்ளைத் தாளை அவள் உள்ளங்கையால் மூடினாள்.

"இல்லக்கா. தூக்கத்துலேயே போயிட்டாரு."

கொடுத்து வைத்த மனுஷன் என்று சொல்லிவிட்டு அக்கா தன் கடையைத் திறக்கப் போனார். அண்ணன் குலுங்கி அழ ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. உள்ளங்கையில் எண்ணெயும் சேறும் ஒட்டியிருந்தன. துடைத்துக்கொள்ளத் துணியைத் தேடினாள்.