சிவப்பு போன கண்

மருதையனுக்கு இருந்ததே ஒரு கண்தான். இடது கண் சின்ன வயதிலேயே மாட்டுக் கொம்பு பட்டுப் போய்விட்டது. விழிதியூர் ரோட்டோரம் காயவைத்த நெல்லைத் தூற்றும்போது, மிச்சமிருந்த வலது கண்ணிலா வந்து விழ வேண்டும் அந்தச் சுணை? விழுந்தது. மறுநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது.

வெள்ளிக்கிழமை மகள் கவியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கோட்டுச்சேரிக்காரர்கள், எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற கூட்டம். தட்டு மாற்ற வேண்டிய அப்பன் இந்தக் கண்ணோடு உட்கார்ந்தால், மெட்ராஸ் ஐ என்று எழுந்து ஓடிவிடுவார்களே என மனைவி கமலாம்பாள் பயந்தாள். அவளுக்குப் புரை ஆபரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் பாதி மிச்சம் இருந்தது. கண்ணுக்குக் கொடுத்த மருந்து கண்ணுக்கு ஆகாதா என்ன?

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவமா கமலா?" என்றார் மருதையன்.

"விசேஷம் முடியட்டுங்க. எனக்கு இது நல்லா கேட்டுச்சு."

அவருக்கும் கேட்டது. இரண்டே நாளில் சிவப்பு போனது, வலியும் குறைந்தது. தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டாள். தட்டு மாற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த வாரம் கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. பிறகு அது பரவியது. காரைக்கால் டாக்டரம்மா மருந்துப் புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நெல்லுச் சுணையோட பூஞ்சையும் உள்ள போயிருக்கும்மா. ஒடம்பு அதோட சண்ட போட்டதாலதான் அந்தச் செவப்பும் வலியும். ஆபரேஷன் பண்ணுன கண்ணுல அந்தச் சண்டைய அடக்கத்தான் இந்த மருந்து. இவருக்குப் போட்டு, காவலுக்கு நின்ன ஆள நீங்களே கட்டிப்போட்டுட்டீங்க."

பூஞ்சைக்கு மருந்து ஊற்றினார்கள். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் வேறு கருவிழி வைத்தும் பார்த்தார்கள். பூஞ்சை அதையும் விடவில்லை. கடைசியில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று.

மருதையன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குச் சோறாவது தொண்டையில் இறங்கியிருக்கும்.

நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்று, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே பக்கங்களைத் தடவித் தடவிப் புரட்டினார்.

"கவியா எப்படி இருக்கா?"

"மாம்பழக் கலர் பட்டுல சிரிச்சிக்கிட்டு இருக்கா."

"நான்?"

அவள் பார்த்தாள். ஆசைப்பட்டபடியேதான் விழுந்திருந்தது போட்டோ.

"வலது கண்ணு பளிச்சுன்னு இருக்குங்க," என்றாள். "துளி செவப்பு இல்லைங்க."