சமையலறை விபத்து

ஆலை மேலாளர் ரியாத் நீட்டிய காகிதத்தை நெஜியா இரண்டாவது முறையாக வாசித்தாள். அடுப்பில் குஸ்குஸ் ரவை தீய்ந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கட்டிலில் அவள் கணவன் லஸ்ஹர் கழுத்திலிருந்து இடுப்புவரை கட்டுப்போட்டுக் கிடந்தான். ஒன்பது நாளுக்கு முன், மொனஸ்தீர் நகருக்கு வெளியே இருக்கும் துணி வெளுக்கும் ஆலையில், தொட்டிக் குழாய் பிய்த்துக்கொண்டு காஸ்டிக் சோடாக் கரைசல் அவன்மேல் பாய்ந்தது. உடம்பைக் கழுவ ஓடினான். அவசரக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்கு மாதமாகவே வரவில்லையாம். கூட்டாளிகள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

காகிதம் வேறு கதை சொன்னது. வீட்டில் மனைவி கைதவறிக் கொதிக்கிற எண்ணெயை அவன்மேல் கொட்டிவிட்டாளாம். அவள் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை போகாது என்றார் ரியாத்.

"போட்டுடு நெஜியா" என்றான் லஸ்ஹர், சுவரைப் பார்த்தபடி.

"வெறும் காகிதம் தங்கச்சி. எதிர்வீட்டு ஸொஹ்ரா போட்டா, முனைவீட்டு மப்ரூக்கா போட்டா. யாரு கெட்டுப்போயிட்டாங்க?" என்றார் ரியாத்.

ஸொஹ்ராவை அவள் மாமியார் ஒரு வருடமாக அடுப்பங்கரையில் விடுவதில்லை. வேலை போய்விடும் என்று பயந்து, அதே ஆலையில் இருக்கும் அவள் கணவன் பெற்ற தாயிடம்கூட வாய் திறக்கவில்லை. புருஷனைப் பொசுக்கியவள் என்று கல்யாண வீடுகளில் பெண்கள் சிரிப்பார்கள். நெஜியாவும் சிரித்திருக்கிறாள். இப்போது முகம் காந்தியது.

"யாரு கெட்டுப்போனாங்கன்னு கேட்டுட்டு வரேன்" என்று காகிதத்தோடு எழுந்தாள். திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டே ரியாத் பின்னாலேயே வந்தார். அவள் தெருவைக் கடந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக் கூடத்தில் நின்று, மாமியார் காதுபட உரக்க வாசித்தாள். கிழவி மகனைப் பார்த்தாள்.

"உம்மேல கொட்டுனதும் இந்த எண்ணெய்தானா?"

"காஸ்டிக்தாம்மா" என்றான். ஸொஹ்ரா அழவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மப்ரூக்காவைக் கூப்பிடப் போனாள்.

மறுநாள் காலை தொழிலாளர் துறை அலுவலகத்தில் மூன்று பெண்களையும் பார்த்த எழுத்தர், யார் நீங்கள் என்றார்.

"புருஷன்மேல எண்ணெயக் கொட்டுனவங்க" என்றாள் நெஜியா. "எழுதிக்குங்க. அந்த எண்ணெய் எந்தத் தொட்டியில இருக்குன்னு நாங்களே கூட்டிட்டுப்போய்க் காட்டுறோம்."