மஞ்சளாகாத குப்பி

…வீங்காமல் என்ன செய்யும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மறுநாள் விடிவதற்குள் லா பாஸ் சந்தைக்குப் போய் மீன் வெட்ட உட்கார்ந்தால், வாயில் வைத்த பஞ்சை அந்தப் பிசுக்குக் கையாலேயே எடுத்து எடுத்துப் பார்த்தால், வரட்டும் மெல்சோரா அக்கா, இரண்டு மணிக்கு வரட்டும், முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன், கோபமாக அல்ல, பதமாகத்தான், பதினைந்து வருடமாக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன், எனக்கென்றால் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தட்டில் போடுவாள், ஆனாலும் உண்மை உண்மைதானே… நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம், தாடையில் சீழ் கட்டிக் கழுத்து வரை இறங்கிவிட்டதாம், பாவம்தான், அதற்காக அவள் புருஷன் போனி, தான் வாடகைக்கு ஓட்டும் டிரைசைக்கிளில் ஏறுகிற ஆளிடமெல்லாம் அந்த கிளினிக்கில் சாமான் சுத்தமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிவதா, எந்தச் சாமான், யார் கழுவிய சாமான், ரோசெந்தா கழுவிய சாமான், அதை அவன் யோசிக்க வேண்டாமா. காலையில் டாக்டர் பெலிண்டா என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு மணிக்கு அவங்க ரெண்டு பேரும் வராங்க ரோசெந்தா. உன் நோட்டை எடுத்துட்டு வந்துடு. நம்ம பக்கம் தப்பில்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், மத்ததை நான் பேசிக்கறேன்" என்றார். சொல்வதற்கென்ன, பத்தொன்பது வருடமாகச் சாமான் கழுவும் இந்த அறை என் அறை, நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை.

மணி ஒன்று பத்து, கடைசி அடுக்குச் சாமானை மெஷினுக்குள் வைத்தாகிவிட்டது, ஒவ்வொரு பையும் காகிதப் பக்கமும் பிளாஸ்டிக் பக்கமும் மாறி மாறி, ஒன்றின் மேல் ஒன்று சாயாமல், நடுவே ஒரு விரல் இடம், நீராவி புக வேண்டாமா, இதைத்தான் எல்லாரும் அவசரத்தில் கோட்டை விடுவார்கள், திணிப்பார்கள், நான் திணிக்க மாட்டேன், இன்னொரு சுற்று ஓட்டினாலும் ஓட்டுவேன். கதவைப் பூட்டி பொத்தானை அழுத்தினேன், உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம், இனி ஐம்பது நிமிடம், நீராவியால் கிருமியைக் கொல்லும் இந்த ஆட்டோகிளேவ் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும், நூற்று முப்பத்து நான்கு டிகிரி வரை ஏறும், நிற்கும், ஆவியை விடும், காயவைக்கும், அதற்குள் எனக்கு ஒரு வேலையும் இல்லை, வேலை எல்லாம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கழுவுவதுதான் வேலை, வேகவைப்பது மெஷின் பார்த்துக்கொள்ளும், பல் பிடுங்கும் குறட்டின் மூட்டிலே ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தால் எந்த நீராவியும் அதற்குக் கீழே போகாது, அதனால்தான் தடித்த கையுறையோடு ஒவ்வொரு மூட்டையும் விரித்துத் தேய்த்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து… கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாயே என்று நோர்மா சிரிப்பாள், அவளுக்கென்ன, வாசலில் உட்கார்ந்து பேர் எழுதுகிறவள். மெல்சோரா அக்காவுக்குப் போன மாதம் போட்ட குறடு எது, எனக்கு நினைவிருக்கிறது, மேல் வளைவில் சின்னக் கீறல் உள்ளது, பையை அவள் கண் முன்னால்தான் கிழித்தேன், உள்ளே வைத்த காகிதப் பட்டை கறுத்திருந்தது, பார்த்தீங்களா அக்கா என்று காட்டினேன், அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

பட்டை கறுத்தால் சூடு வந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான், கிருமி செத்ததா என்று பட்டை சொல்லாது, அதைச் சொல்லக் குப்பிதான் வேண்டும், போனிக்கு இதையும் புரியும்படி சொல்ல வேண்டும். வாரா வாரம் திங்கட்கிழமை இரண்டு குப்பி எடுப்பேன், சுண்டு விரல் அளவு, உள்ளே ஊதா நிறத் தண்ணீரும் யாருக்கும் கெடுதல் செய்யாத ஆனால் லேசில் சாகாத ஒரு கிருமியும், ஒரு குப்பியைச் சாமானோடு மெஷினுக்குள் வைப்பேன், மற்றதை வெளியே வைத்துக்கொள்வேன், அப்புறம் இரண்டையும் வெதுவெதுப்பான சின்னப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் உள்ளே கிருமி உயிரோடிருந்தால் தண்ணீர் மஞ்சளாகும், செத்திருந்தால் ஊதாவாகவே இருக்கும், புதன்கிழமை பார்த்து எழுதுவேன். இவ்வளவு எத்தனை கிளினிக்கில் செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம்… நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன், போனி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கங்களில் காகிதம் சொருகிவிட்டால் நல்லது, கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது, தேதி, சுற்று எண், முதல் குப்பி ஊதா, இரண்டாம் குப்பி மஞ்சள், ரோசெந்தா, அடுத்த வாரம் ஊதா, மஞ்சள், ரோசெந்தா, மார்ச், ஏப்ரல், மே… ஜூன் மாதம்தான் என் மகள் கிளென்டாவை விமானம் ஏற்றினேன், ரியாத்தில் நர்ஸ் வேலை, இருபத்து மூன்று வயதுப் பெண், பெட்டியில் உலர்ந்த மீனைத் துணிக்குள் சுற்றி ஒளித்து வைத்தேன், போய் இறங்கி ஒரு வாரம் போன் வரவில்லை, அந்த வாரம் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா எனக்கே தெரியாது, ஆனால் ஒரு நாள் லீவு போட்டதில்லை, இதோ ஜூன் இரண்டாவது புதன், ஊதா, ஊதா, ரோசெந்தா.

ஊதா, ஊதா. அதற்குக் கீழே மேற்படிக் குறி, இரண்டு சின்னக் கோடு, அதற்குக் கீழேயும் இரண்டு கோடு, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நேற்று வரை. வெளியே வைத்த குப்பி மஞ்சளாக வேண்டும், அதுதான் சாட்சி, அது மஞ்சளானால்தான் கிருமி உயிரோடு இருந்தது, பெட்டி வேலை செய்தது என்று தெரியும், அது ஆகாவிட்டால் முதல் குப்பி ஊதாவாக இருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது… இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வாரம் பார்த்தேன், பார்க்காமல் எழுதவில்லை, ஒவ்வொரு புதனும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஊதாவைப் பார்த்தால் சுத்தம் என்று மனம் ஒரு நிம்மதி அடையுமே, இரண்டும் ஊதா என்றால் இரட்டை நிம்மதியா, என்ன புத்தி இது. எழுந்து போய்க் குப்பி வைக்கும் பெட்டியின் மூடியில் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு அணைந்துதான் கிடக்கிறது, பல்பு போய்விட்டது என்று ஜூனிலேயே நினைத்து அப்படியே விட்டுவிட்டேன், வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அலமாரிக்குப் பின்னால் பிளக் தொங்குகிறது, அதில் ஒட்டடை. அது இருக்க வேண்டிய துளையிலே வேறொரு வெள்ளை வயர், சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்கு… "நோர்மா, இந்த வயர் எதுது?" என்றேன். "ரைஸ் குக்கருதுக்கா. ஏன், சோறு இன்னும் இருக்கு, போடவா?" என்று வாசலில் இருந்தே கேட்டாள். "இதுல யாரு மாட்டினது?" "நல்லா கேட்டீங்க. நீங்கதான். குக்கரைப் போட்டா பல்லைக் குடையற மெஷினோட கம்ப்ரஸர் நின்னுடுது, பல்லு பாதில நிக்குதுன்னு டாக்டர் கத்தினாங்கல்ல, அன்னிக்கு நீங்கதானே வயரை இழுத்துட்டுப் போய் இங்க மாட்டிக்கோன்னு கொடுத்தீங்க. சாயங்காலம் வரைக்கும் சோறு சூடா இருக்குன்னு எல்லாரும் உங்களைத்தான் வாழ்த்தறோம்." ஆமாம், நான்தான். பிளக்கைப் பிடுங்கியது என் கை, ஒரு நிமிஷ வேலை, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று.

சரி, பதறாதே ரோசெந்தா, யோசி. மெஷின் ஓடியது, சூட்டையும் அழுத்தத்தையும் அச்சடித்துத் தள்ளும் சீட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் இருக்கிறது, பட்டைகள் கறுத்தன, ஒரு பை கூட ஈரமாக வரவில்லை, அந்தக் குறட்டை நான் என் கையால் தேய்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது, இருந்திருக்கும், நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது… அந்த மிச்சம் ஒன்றுக்குத்தானே குப்பி வைப்பது. நோட்டில் டாக்டர் எப்போதும் கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பார், போனிக்கு இரண்டாம் குப்பி என்று ஒன்று இருப்பதே தெரியாது, நான் போய் நோட்டை விரித்து ஊதா ஊதா என்று விரலால் காட்டினால் அவன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான், டாக்டர் என்னைத் தட்டிக்கொடுப்பார், நாளையிலிருந்து பெட்டி வேறு பிளக்கில். வாயைத் திறந்தால்? டாக்டர் கடன் வாங்கிக் கட்டிய கிளினிக், ஊர் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது, எனக்கு ஐம்பத்தோரு வயது, யார் வேலை கொடுப்பார்கள்… ஆனால் சாமான் சுத்தம் என்று எனக்குத் தெரியும், தெரியும் என்றால் எப்படித் தெரியும், என் கைக்குத் தெரியும், பிளக்கைப் பிடுங்கியதும் இதே கைதானே. மெஷின் ஆவியை விட்டது, நீளமாக, வழக்கம் போல. வாசலில் டிரைசைக்கிள் வந்து நின்றது, மணி இரண்டு ஆகப் பத்து நிமிடம், சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

டாக்டர் அறையில் மெல்சோரா அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் கட்டு, முகம் பாதியாக இளைத்திருந்தது, போனி நின்றுகொண்டே, "சாமான் சுத்தமா இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றான், நான் நோட்டை நீட்டுவதற்குள் அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள். "சும்மா இருய்யா. ரோசெந்தா இருக்கற எடத்துல அழுக்கு எப்பிடி வரும். இண்டாய், தங்கச்சி, நோட்டெல்லாம் எதுக்கு, எனக்குப் படிக்கவா தெரியும். மறுநாளே கடையத் திறந்தது நான்தான். என்னாலதான் வந்துச்சுன்னு நீ உன் வாயால சொல்லிடு, அப்புறம் இந்த ஆளு பேச மாட்டாரு" என்றாள், காலையிலிருந்து நான் மெருகேற்றி வைத்திருந்த வாக்கியம், அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள், டாக்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், சொல்லிவிடு என்று. "சாமான் சுத்தமாத்தான் இருந்திருக்கும்னு நான் நம்பறேன் அக்கா" என்றேன், "ஆனா அதை நிச்சயமாச் சொல்ற சோதனை ஒண்ணு இருக்கு, அது ஜூன் மாசத்துலேருந்து வேலை செய்யல. வாரா வாரம் நான்தான் பார்த்தேன், பார்த்தும் கவனிக்கல." டாக்டரின் நாற்காலி கிறீச்சிட்டது, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, போனி கத்தப் போகிறான் என்று காத்திருந்தேன், அவன் கத்தவில்லை, பெண்டாட்டியைத்தான் பார்த்தான். அவள் கழுத்துக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக, "அப்போ… என்னாலதான்னு நெனச்சு ஆஸ்பத்திரில நாலு நாளும் அழுதேனே இண்டாய். அது என்னால இல்லையா?" என்று கேட்டாள். "தெரியலக்கா" என்றேன். இந்த கிளினிக்குக்குள் பத்தொன்பது வருடத்தில் நான் சொல்லாத வார்த்தை, அவள் மட்டும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எங்களைக் குற்றம் சொல்ல வந்தவள் என்றல்லவா நினைத்தேன், இவள் தன்னைத்தானே மன்னித்துக்கொள்ளலாமா என்று கேட்கவல்லவா வந்திருக்கிறாள்…