மேல் செட்டு

அத்தை வேளாங்கண்ணி கட்டிய தாடைக்கட்டை ராஜமேரி இரண்டாம் தடவையாக அவிழ்த்தாள். அம்மாவின் ஈறுகளுக்கு நடுவே துணிச் சுருள் ஒன்றைச் செருகி, வாய் மூடிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

"வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் வாய் மூடாது புள்ள. ஊரே வந்து பாக்கும்."

"அப்பா வந்துரட்டும் அத்தை. அதுவரைக்கும் கட்டாதீங்க."

அப்பா ஸ்தனிஸ்லாஸ் தருமபுரிக்குப் பல் செட்டு வாங்கப் போயிருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா சவரியம்மாள் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குச் செய்யக் கொடுத்திருந்த செட்டை மகள் கேட்டதும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார் மனுஷன். காரிமங்கலத்து வாய் சும்மா இருக்குமா? பொண்டாட்டி பொணமாகக் கிடக்கையில் பல் வாங்கப் போனவன் என்று வாசலில் பேச்சு ஓடியது. பேசட்டும். அவர்களுக்கென்ன, பல் இருக்கிறது, பேசுகிறார்கள்.

இந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லோர் பல்லிலும் காவி ஏற்றும். சவரியம்மாளுக்குச் சர்க்கரை வியாதி வேறு வந்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல் போகவில்லை, சிரிப்புத்தான் போனது. கோயிலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். மகன் கல்யாணப் படத்தில்கூட அவள் இல்லை. பல்லு வரட்டும், அப்புறம் எத்தனை படம் வேணுமோ புடிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டாள். இன்று சவப்பெட்டியோடு வைத்துப் படம் எடுக்கப் போட்டோக்காரன் மாயவன் கேமராவோடு வெளியே காத்திருந்தான். வீட்டில் மாட்டுவதற்கு இருக்கப்போவது அந்த ஒரே படம்தான். அதிலும் அம்மா பொக்கை வாயோடு கிடப்பதை ராஜமேரியால் நினைக்கவே முடியவில்லை.

அவள் வேலை பார்ப்பது தருமபுரியில் ஒரு பல் டாக்டரிடம். பல் செட்டுக்காக வாயில் அச்செடுக்கும் பொடியைக் குழைத்துக் கொடுப்பது அவள் வேலை. போன வாரம் அம்மாவையே அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். இளஞ்சிவப்புப் பொடியைப் பார்த்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். இது என்ன மாவு, எதில் அரைத்தது, வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்? டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: கடல்பாசியிலிருந்து எடுக்கிற ஒரு அமிலத்தின் உப்பு இது, சர்க்கரை இனத்தைச் சேர்ந்தது. தண்ணீரில் போட்டால் கூழாகும், கூடவே இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதன் இழைகளைப் பிடித்துக் கட்டியதும் ரப்பர் மாதிரி இறுகிவிடும். துணியில் சாயம் அச்சடிக்கவும் இதே சரக்குதான், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் இதே சரக்குதான் என்றார்.

"சக்கரையா? எனக்குத்தான் ஏற்கெனவே சக்கரை இருக்குதுங்களே" என்றாள் அம்மா. அந்தச் சர்க்கரை வேறு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐஸ்கிரீம் விஷயத்தை மட்டும் விடவில்லை. பல்லு கட்டினதும் வாங்கித் தரணும் என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். பாவி, வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஐஸ்கிரீமுக்கு எதற்குப் பல்?

வெயில் ஏறிய பிறகுதான் அப்பா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தை மகளிடம் நீட்டினார். மேல் செட்டு மட்டும்தான் முடிந்திருந்ததாம், கீழ் செட்டு இன்னும் மெழுகில் இருக்கிறதாம்.

ராஜமேரி துணிச் சுருளை எடுத்தாள். தாடை அசையவில்லை, ஆனால் இடைவெளி போதுமானதாக இருந்தது. செட்டின் தட்டு அண்ணத்தில் சரியாகப் பொருந்தியது. கையை எடுத்ததும் நாக்கின் மேல் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடியும் விழுந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்பா சட்டைப் பையைத் துழாவினார். "டாக்டரு சொன்னாரு, நாந்தான் மறந்துட்டேன். எச்சி இல்லாத வாயில செட்டு நிக்காதாம். இதக் கொழைச்சுத் தடவி வெக்கச் சொன்னாரு."

காகித மடிப்பில் அதே இளஞ்சிவப்புப் பொடி இருந்தது.

பானைத் தண்ணீர் கேட்டாள். சூடான தண்ணீர் என்றால் வைப்பதற்குள் இறுகிவிடும். கிண்ணத்தில் குழைத்து, தட்டின் உட்புறம் மெல்லப் பூசி, அண்ணத்தில் வைத்து இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். இறுகும்வரை கை அசையக் கூடாது. நாற்காலியில் உட்காருகிறவர்கள் இந்த நேரத்தில்தான் பயந்துபோய்க் குமட்டுவார்கள். அவர்களிடம் நாளெல்லாம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பேச்சு, அவள் நினைப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

"மூக்குல மூச்சு வுடுங்க. ஒண்ணும் ஆவாது. மூக்குல மூச்சு வுடுங்க."

சுற்றி இருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலவை எப்போதோ இறுகிவிட்டது. ராஜமேரி விரலை எடுக்கவில்லை.