சுவர் இருந்த இடம்

கலவையில் தண்ணீர் பட்டுவிட்டால் எனக்கு மச்சான், மாப்பிள்ளை யாரும் கிடையாது. இருபது நிமிடத்துக்குள் அது தரையில் ஓடி மட்டமாகிவிட வேண்டும். அதற்குப் பிறகு அது கல். கல்லோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் அன்று காலை என் மனைவியின் அண்ணனையும் தம்பியையும் வேலைக்கு நிறுத்தினேன். என் ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்றால் அண்ணன் கேட்கவில்லை.

"நம்ம வீட்டுத் தரை, மாப்பிள்ளை. நாமளே போடுவோம்," என்றார்.

பழைய தரையை உடைக்காமல், அதன் மேலேயே சுண்டுவிரல் கனத்துக்கு நிறம் கலந்த சிமெண்டை ஊற்றிப் புதுத் தரை ஆக்குவது என் தொழில். ஒரே பாறையைச் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். கடைகள், ஆபீஸ்கள், வசதியான வீடுகள் என்று எத்தனையோ போட்டிருக்கிறேன். எங்கும் தயங்கியதில்லை. மாமனார் வீட்டுக் கூடத்தில் தயங்கினேன்.

காரணம் ஒரு சுவர். மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு கூடத்தை நடுவில் அடைத்துவிட்டார்கள். கொத்தனார் வரும்வரைகூடப் பொறுக்காமல் முதல் கல்லை வைத்தது பெரியவர். அன்றிலிருந்து ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். அடிபட்டது என் மனைவிதான். பிறந்த வீட்டுக்குப் போனால் பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்பதே வழக்கு. அண்ணன் பக்கம் படுத்தால் தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். தம்பி பக்கம் படுத்தால் அண்ணன் காலையில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கடைசியில் அங்கே தங்குவதையே விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். கேட்டால் தூசி என்பாள்.

இரண்டு பேரையும் மாறி மாறிக் கெஞ்சியும் திட்டியும் அந்தச் சுவரை இடிக்க வைத்தவளும் அவள்தான். சுவர் போய்விட்டது. தரையில் ஒரு சாண் அகலத்துக்கு அதன் தடம் மட்டும் கிடந்தது. அதைக் கம்பி வைத்து ஒரு பக்கத் தரையோடு பிணைத்து நிரப்பினேன். ஆனாலும் பிரிந்த தரை பிரிந்ததுதான். வெயில் ஏறினால் ஒவ்வொரு பாதியும் தன் இஷ்டத்துக்கு நீளும். மேலே என்ன ஊற்றினாலும் சில மாதத்தில் அந்த இடத்தில் விரிசல் வந்தே தீரும். அதற்கு முன்னால் நாமே அங்கே கட்டரால் நேராக ஒரு கோடு கீறிவிட வேண்டும். தரை அசைந்தால் அந்தக் கோட்டுக்குள் அசைந்துகொள்ளும்.

இதைச் சொன்னதும் பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "கோடே இருக்கக் கூடாது, மாப்பிள்ளை. முடியும்னா போடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என் முழங்கையைக் கிள்ளிச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். "தலையை ஆட்டிடுங்க. இவ்வளவு தூரம் கொண்டு வந்துட்டேன். இப்ப அவர் கோணிக்கிட்டாருன்னா எல்லாம் போச்சு."

ஆட்டினேன். பொய் என்று தெரிந்தே ஆட்டினேன்.

பெரியவர் பக்கத்துக் கோடியில் தொடங்கி, சின்னவன் பக்கத்து வாசலை நோக்கி ஊற்றிக்கொண்டே வந்தோம். வாசலுக்கு வெளியே பெரியவர் வாளிக்குள் மிஷினை விட்டுக் கலக்கினார். மனைவி குவளையில் தண்ணீர் அளந்து கொடுத்தாள். சின்னவன் வாளியைத் தூக்கி வந்து ஊற்ற, நான் அடியில் ஆணி வைத்த செருப்போடு ஈரத்துக்குள் நின்று இழுத்து மட்டமாக்கினேன். பாதிக் கூடம் நன்றாகவே போனது. சுவர்த் தடத்துக்கு வந்ததும் சின்னவன் வாளியைக் கவிழ்க்காமல் நின்றான்.

"மாமா, இங்க கோடு போடலேன்னா வெடிச்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஊத்து."

"இல்ல, தெரிஞ்சே எதுக்கு இப்படி..."

வெளியே மிஷின் சத்தம் நின்றது.

"என்னவாம் அவனுக்கு?" என்றார் பெரியவர்.

"ஒண்ணுமில்ல மச்சான், நீங்க கலக்குங்க."

"கோடு வேணுமாமா?" அவர் குரல் தாழ்ந்தது. அவர் கத்தினால் பயமில்லை, குரல் தாழ்ந்தால்தான் பயம். "அப்ப உன் மனசுல அந்தச் சுவர் இன்னும் நிக்குது."

"என் மனசுலயா? கட்டினது யாரு?"

அவ்வளவுதான். பெரியவர் மிஷினை வாளிக்குள்ளேயே போட்டுவிட்டு, "மறுபடியும் கட்டிக்கலாம் விடு," என்று சொல்லிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தார். சின்னவன் வாளியை 'டங்' என்று கீழே வைத்துவிட்டுக் கூடத்தின் ஓரச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

நான் ஈரத்துக்குள் நின்றிருந்தேன். நாங்கள் ஊற்றியது சரியாகச் சுவர் இருந்த இடத்தில் வந்து நின்றிருந்தது. ஈர விளிம்பு காய்ந்துவிட்டால் பிறகு ஊற்றுவது அதோடு சேராது. ஒட்டுப்போட்ட துணி மாதிரி அங்கே ஒரு தழும்பு நின்றுவிடும். விளிம்பில் பளபளப்பு மங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். மங்கத் தொடங்கியிருந்தது.

மனைவி குவளையோடு அசையாமல் நின்றாள். யாரையும் திட்டவில்லை.

"இனிமே நான் இந்த வீட்டுக்கு வரல," என்றாள், கையிலிருந்த குவளையிடம் சொல்வதுபோல.

எனக்கு வந்ததே கோபம். தொண்டை கிழியக் கத்தினேன்.

"மச்சான், நான் தலையாட்டினது பொய். கோடு வரத்தான் செய்யும். நீங்க அங்கயே நின்னா இப்பவே வரும். அதுவும் நீங்க கல்லு வச்ச அதே இடத்துல, கோணலும் மாணலுமா, வர்றவங்க போறவங்க எல்லாம் கேக்கிற மாதிரி."

பெரியவர் கேட்டில் கை வைத்தபடி திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"நான் வச்ச கல்லுதான் மாப்பிள்ளை. நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கோடு என் பேரைத்தான் சொல்லும். அதான் வேணாங்கறேன். வேற என்ன."

சின்னவன் மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தான். அவர் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எத்தனையோ கடைகளில் செய்த வேலைதான், முன்பே தோன்றியிருக்க வேண்டும். மாமனார் வீட்டுக்குப் போனால் மட்டும் என் மூளை செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

"ஒரு கோடு இருந்தாதானே மச்சான் அது சுவர். கூடம் முழுக்கக் கோடு போடறேன். பெரிய பெரிய கல்லு பதிச்ச மாதிரி, குறுக்கும் நெடுக்கும். எது சுவர் இருந்த இடம்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது. இப்ப வந்து கலக்குங்க."

அவர் நகரவில்லை. யோசித்துக்கொண்டே நின்றார். கலவைக்கு யோசனை தெரியாது. என் காலடியில் விளிம்பு வெளுத்துக்கொண்டே வந்தது.

சின்னவன் வெளியே போனான். மிஷினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"அண்ணே, வா. எனக்கு இதைப் பிடிக்கத் தெரியல."

பச்சைப் பொய். என்னோடு எத்தனையோ வேலைக்கு வந்து பிடித்திருக்கிறான். பெரியவருக்கும் அது தெரியும். வந்து மிஷினை வாங்கிக்கொண்டார்.

"அந்த வாளியைத் தூரக் கொட்டுங்க, அது செத்துப்போச்சு," என்று கத்தினேன். "புதுசு போடுங்க. தண்ணி."

மனைவி ஓடினாள். புது வாளி வந்தது. விளிம்பின் மேலேயே கொட்டச் சொன்னேன். பழையதும் புதியதும் இரண்டு நிறமாகத் தனித்தனியே நின்றன. ஆணி உருளையை அதன் மேல் ஓட்டினேன். மறுபடியும் ஓட்டினேன். மூச்சு விடவும் மறந்துபோனேன். மூன்றாவது தடவை ஓட்டும்போது புதியது பழையதற்குள் மெதுவாக இறங்கி, நிறம் கலைந்து, ஒன்றாயிற்று. அழுகை வரும்போல இருந்தது. அடுத்த வாளிக்குக் கத்தினேன்.

மறுநாள் அண்ணன் தம்பி இருவரையும் ஒரு சாக்குச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் கட்டரைக் கையில் எடுத்தேன். ஊற்றுவதற்கு முன்பே ஓரச் சுவர்களில் குறித்து வைத்திருந்தபடி, முதல் நூலைத் தடத்தின் பிணைக்காத ஓரத்துக்குச் சரியாகப் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தவள் என் மனைவி. அதைக் கீறி முடித்தபின், அதிலிருந்து அளந்து இரண்டு பக்கமும் மற்றக் கோடுகளைப் போட்டேன்.

மேல்பூச்சும் காய்ந்த பிறகு எல்லோரும் வெறுங்காலோடு உள்ளே வந்தோம். பெரியவர் நடந்து பார்த்தார், குனிந்து தடவினார், ஓரிடத்தில் நின்றார்.

"இதுதானே அது?"

"இல்லண்ணே. அது இன்னும் அந்தப் பக்கம். இங்க," என்றான் சின்னவன்.

"போடா. எனக்குத் தெரியாதா, நான்தானே கட்டினேன்."

"நான் தினம் இடிச்சுக்கிட்ட சுவருண்ணே."

இரண்டு பேரும் தப்பு. வழக்கு என்னிடம் வந்தது. "இத்தனை கோட்டுல யாருக்கு ஞாபகம் இருக்கு," என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

மனைவி எங்கள் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. பாயை எடுத்து வந்து கூடத்தின் நடுவே விரித்துப் படுத்தாள். தலை அண்ணன் பக்கம், கால் தம்பி பக்கம், இடுப்புக்கு அடியில் சரியாக அந்தக் கோடு. என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் அசந்து தூங்கிவிட்டாள்.