முதல் பாத்தி

விதை தூவிய இருபத்து மூன்றாம் நாள் சிறுகீரை பிடுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது. எங்கள் நசரத்பேட்டை நிலத்தில் இவ்வளவு சீராக ஒரு பாத்தி வந்து நான் பார்த்ததில்லை. எங்கும் சொட்டை இல்லை. எங்கும் நெருக்கமும் இல்லை.

பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கீரை எடுக்கும் முனியம்மா, கட்டை அவிழ்த்து உள்ளே பார்க்காமலே ஆட்டோவில் ஏற்றினார். என் நைனாவுக்கு ஜெயிப்பது என்றால் அதுதான். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்ததும், நிலத்தை விற்றவர்கள் கார் வாங்கியதும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. முனியம்மா கட்டை அவிழ்க்காத நாளில் இரண்டு தடவை சோறு கேட்பார்.

"இன்னா அண்ணாத்தே, இந்த தபா கீரை தலை வாரிகினு நிக்குது?"

"கலைவாணி கை அப்டி."

கலைவாணி பக்கத்து வீட்டுச் சிவராமனின் பெண். என் வயது. ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு விதைப்பிலும் முதல் பாத்தியைத் தூவ நைனா அவளைத்தான் கூப்பிடுவார். தாவரவியல் படித்த நான் பக்கத்தில் விதைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் விரல்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். என்னுடையவை போலத்தான் இருந்தன. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பசி நன்றாக எடுத்தது. அப்போதும் நைனா விதைப்பைத் தள்ளிப் போட்டாரே தவிர என்னைக் கூப்பிடவில்லை.

இந்த முறை கம்பெனி பஸ் முன்னதாக வந்துவிட்டது. நைனா மோட்டார் போடப் போயிருந்தார். "நீயே தூவிடுடி, மாமா கேட்டா நான்தான்னு சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கலைவாணி ஓடினாள். மணல் கலந்த விதையை நானே தூவினேன். நைனா வந்ததும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முளைக்காவிட்டால் அவள் பேரில் போகட்டும் என்றிருந்தேன்.

முளைத்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து கலைவாணி வரப்பில் வந்தாள். நைனா நல்ல கட்டாக ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பக்கத்து அரை ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்துட்டேன்மா. நாளைக்கு நீதான் ஆரம்பிச்சுத் தரணும்."

அந்த மண்ணை நேற்று முழுக்க நான்தான் கொத்தி, கட்டிகளை உடைத்திருந்தேன்.

கலைவாணி கட்டை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"மாமா, இத்த நான் தூவல. பஸ்ஸு வந்துட்ச்சு. இவதான் தூவுனா."

என்னிடம் இருந்த ஒரே ஒரு விஷயம் அது. அதையும் அவளே சொல்லி நல்லவளாகிவிட்டாள்.

முனியம்மா கையைத் தட்டினார். "அடி ஆத்தி! கைராசிய ஊட்லயே வச்சிகினு ஊரெல்லாம் தேடிக்கீறியே அண்ணாத்தே!"

நைனா சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"கைராசி இல்ல முனியம்மா. தீட்டோட தொட்டா கீரை கருகிப்பூடும். கலைவாணி ஆவாத நாள்ல வரப்பு பக்கமே வராது. இவகிட்ட போய் நான் எப்டி கேக்கறது, பெத்த பொண்ணுகிட்ட? அதான் கூப்புடறதில்ல." பாத்தியை ஒருமுறை பார்த்தார். "அன்னிக்கு ஏதோ நல்ல நாளா இருந்துகீது. அதான் தப்பிச்சுது. நாளைக்கு நீயே வந்துடு கலைவாணி." கட்டை எடுத்து அவள் கையில் திணித்தார்.

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காவது கட்டு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்க.

நாலு பேர் முன்னால் நான் அதிகம் பேசியதில்லை.

"இல்ல நைனா," என்றேன். "அன்னிக்கு எனக்கு ரெண்டாம் நாள்."