அன்னம்மாளின் முதுகு

...சுத்தியல் மேலே எழும்பட்டும், அப்போது எழுந்து கத்துவேன், இது எங்கள் அப்பன் வீட்டுச் சொரூபம், பாதி என்னுடையது, விற்க இவள் யார் என்று, கூடமே திரும்பிப் பார்க்கட்டும், இவள் முகம் கருகட்டும்... கிஸ்லேன் ஏலக்கூடத்தின் மூன்றாம் வரிசையில் கைப்பையை நெரித்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் அண்ணி சொலான்ஜின் பிடரி தெரிந்தது. அண்ணன் ஃபிர்மேனின் கல்லறையில் புல்கூட முளைக்கவில்லை, அதற்குள் இவளுக்குத் தலையில் சாயம், காதில் முத்து, மேசையில் புனித அன்னம்மாளுக்கு விலை. என்ன பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான்! கோப்பை கழுவத் தெரியாதவள். அன்னம்மாள் திருநாள் விருந்தில் எல்லார் கையிலும் வெள்ளை ஒயின் பளிங்குமாதிரி இருக்கும், இவள் கோப்பையில் மட்டும் அடியில் வண்டல் நிற்கும், ஒவ்வொரு வருஷமும், சீ...

மேசையில் அன்னம்மாள் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், மகள் மரியா முழங்காலோடு ஒட்டி நின்றாள். ஐந்நூறு வருஷத்து அக்ரூட் மரம். வெடிக்காமலிருக்க முதுகைக் குடைந்திருந்தார்கள் அந்தக் காலத்துத் தச்சர்கள், பிள்ளை வேண்டும் பெண் அந்தக் குடைவுக்குள் கத்தியால் சுரண்டித் தூளை ஒயினில் கலந்து திருநாளன்று குடிப்பாள். கிஸ்லேனும் சுரண்டினாள், லூக் பிறந்தான். அடுத்த திருநாளன்றே அவனுக்கு ஞானஸ்நானம், அந்த விருந்தில் இந்தச் சொலான்ஜ் என்ன கேட்டாள்? "மரத்தூளக் குடிச்சாப் பிள்ள பொறக்குமா? உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கரையான் ஜாதியா?" விடுவாளா கிஸ்லேன்? "கரையான் ஏறுறது பட்ட மரத்துலதான், அண்ணி!" மேசையே சிரித்தது, ஃபிர்மேன்கூடச் சிரித்தான். இவள் மட்டும் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். குடிக்கட்டுமே, அன்றைக்கு வாயை அடைத்தேனே, இன்றைக்கும் அடைப்பேன்...

"பின்பக்கம் கொஞ்சம் பூச்சி அரிப்பு இருக்கு, மத்தபடி பழுதில்ல" என்றான் ஏலக்காரன். பூச்சியாம். காலையில் பொருள்களைத் தொட்டுப் பார்க்க விட்டபோது அவளும் குடைவுக்குள் கைவிட்டாள், தன்னுடைய பழைய சுரண்டலைத் தேடி. அது வழவழப்பாக அங்கேயே இருந்தது. அதற்கு மேலே விரல் போன இடமெல்லாம் பள்ளம், சில தேய்ந்தவை, சில கூர் மாறாதவை, எல்லாம் தன் சுரண்டலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள். பாவி, பூச்சி மருந்துகூட அடிக்காமல் விட்டாளே என்று அப்போது திட்டினாள்... ஆனால் பூச்சி துளை போடும், கோடு இழுக்குமா? சொரூபம் இவள் படுக்கையறையில்தானே பூட்டிக் கிடந்தது, கல்யாணமான நாளிலிருந்து, நான் சுரண்டிய அந்த ஒரு நாள் தவிர. சாவியும் இவள் இடுப்பில்தானே...

முன்வரிசையில் சொலான்ஜ் காதுமுத்தைத் திருகினாள். இடக்கையால். எல்லாவற்றையும் இடக்கையால்தான் செய்வாள், ரொட்டி அறுப்பதுகூட.

"ஒம்பதாயிரம் யூரோ... வேற யாராச்சும்?" சுத்தியல் எழும்பியது. கிஸ்லேன் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சொலான்ஜ் திரும்பினாள். "என்ன நாத்தனாரே, கத்தத்தானே வந்தே? கத்து. இந்தக் கெழவி ஒனக்குத்தானே பிள்ளயக் குடுத்தா. வேணும்னா நீயே தூக்கிட்டுப் போ."

கிஸ்லேன் முத்தைத் திருகிய அந்த இடக்கையைப் பார்த்தாள். பட்ட மரமென்று நான் சொன்ன அன்றைக்கும்தானே குடித்தாள், எல்லார் முன்னாலும், கோப்பையைக் கவிழ்த்து... அடியில் நின்றது என்ன வண்டல்?... கழுவாத கோப்பை என்றுதானே நினைத்தேன்... ஏலக்காரன் அவளையே பார்த்தான், சுத்தியல் இன்னும் இறங்கவில்லை.